வாலாஜா ரோட்டில் ஏறி வாலாஜா ரோட்டில் இறங்கினேன்: மின்கட்டணக் கூட்டத்தில் பேசிய கதை

ராணிப்பேட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட் இருக்கிறது. டக்ட், சப்போர்ட், கைப்பிடிக் கம்பி வைத்த நடைமேடை என்று பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்து தருகிறோம். எட்டு வெல்டிங் மெஷின், ஒரு பிளேட் ரோலிங் மெஷின், ஒரு டிரில், நாலைந்து கிரைண்டர். கரண்ட் லோடு, அதாவது ஒரே சமயத்தில் இவ்வளவு வரைக்கும் இழுக்கலாம் என்று மின்வாரியத்திடம் வாங்கி வைத்திருக்கும் அளவு, 54 கிலோவாட். இந்த 54-ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் தலைவலி எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஆர்டர் நன்றாக வந்த ஒரு வருஷத்தில் வாங்கிய லோடு அது. எட்டு மெஷினும் ராத்திரி பகலாக ஓடிய காலம். அப்புறம் ஆர்டர் குறைந்தது, கொரோனா வந்தது, ஆட்கள் ஊருக்குப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் பாதிப் பேர். மெஷின்கள் பாதி துணி போர்த்திக்கொண்டு நிற்கும். லோடு மட்டும் அப்படியே 54. குறைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும், கரண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் லோடுக்காகக் கட்டுகிற நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய்தானே, 1,890 ரூபாய், டீச் செலவு மாதிரி கட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

2022 ஜூலையில் பக்கத்து ஷெட் பாய் போன் செய்தார். அவர் ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைக்கிற யூனிட் வைத்திருக்கிறார். "இன்னா, பேப்பர் பாத்தியா? ஈபி சார்ஜ் ஏத்தப் போறாங்களாம், ஆட்சேபணை இருந்தா எழுதச் சொல்லி போட்டுருக்கான்." நான் வழக்கம்போல, "எழுதினா மட்டும் இன்னா பாய் ஆகப் போவுது, ஏத்துறவன் ஏத்தத்தான் போறான்" என்றேன். அவர் சொன்ன பதில்தான் என்னைக் கிளப்பியது: "எழுதாம இருந்துட்டு அப்புறம் டீக்கடையில பொலம்பாத."

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மின்வாரியம் தானாகக் கட்டணத்தை ஏற்றிவிட முடியாது. 2003-ஆம் வருஷ மின்சாரச் சட்டப்படி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு போட வேண்டும், அதை விளம்பரப்படுத்த வேண்டும், பொதுமக்கள் சொல்வதைக் கேட்டுப் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும். 64-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய பெரிய கட்டண உத்தரவு 2014 டிசம்பரில் வந்தது. எட்டு வருஷமாக ஏறாததை மொத்தமாக ஏற்றுகிற மனு இது. வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது, அவர்கள் பக்கமும் காரணம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மனுவை இறக்கிப் பார்த்தால் தலை சுற்றியது. ஆங்கிலம், பக்கம் பக்கமாக அட்டவணை. முத்துக்கடையில் ஜெராக்ஸ் கடைக்காரர் "முழுசா போடட்டுமாண்ணே?" என்று கேட்டபோது விலையைக் கணக்குப் போட்டுவிட்டு வேண்டிய பக்கம் மட்டும் போதும் என்றேன். எது வேண்டிய பக்கம் என்று எனக்குத் தெரிந்ததாக நினைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் இணைப்பு எல்.டி. த்ரீ பி, தாழ்வழுத்தத் தொழிற்சாலை வகை. அந்த வரி இருக்கிற பக்கத்தைத் தேடிப்பிடித்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, மீதியை மூடிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். இரும்பு விலை, ஜிஎஸ்டி, கொரோனா, பேங்க் வட்டி, அப்பா காலத்திலிருந்து பட்ட கஷ்டம் எல்லாம் வந்தது. மறுநாள் வாலாஜாப்பேட்டையில் இருக்கும் எங்கள் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முழுசும் படித்தார். "படிச்சா எனக்கே அழுகை வருதுடா. ஆனா அவங்க இன்னா செய்யணும்னு நீ எங்கயும் சொல்லவே இல்லையே."

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாரியத்தின் மனுவில் எந்த வரியை எதிர்க்கிறாய்? அதற்குப் பதிலாக என்ன வேண்டும்? அதற்கு ஆதாரம் என்ன வைத்திருக்கிறாய்? மூன்றாவது கேள்விக்கு நான் விழித்தேன். "பில்லை எடுத்துட்டு வாடா, பன்னண்டு மாசத்து பில்" என்றார்.

அந்தப் பன்னிரண்டு பில்லையும் அவர் வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே ஒரு விஷயம் தெரிந்தது. பில்லில் யூனிட்டும் தொகையும்தான் இதுவரைக்கும் என் கண்ணில் படும். ரெக்கார்டட் டிமாண்ட் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அந்த மாதத்தில் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் இழுத்தோம் என்று மீட்டர் சொல்வது. அந்த வருஷம் முழுக்க என் ஷெட் 38-ஐத் தாண்டவே இல்லை. மூன்று மாதம் 20-க்கும் கீழே. 54-க்குக் காசு கட்டிக்கொண்டு 38-க்குள் குடும்பம் நடத்தியிருக்கிறேன்! பெரியப்பா பென்சிலால் அந்தப் பன்னிரண்டு எண்ணையும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதினார். என் ஆட்சேபணை மனு கடைசியில் அந்தக் காலண்டர் தாள்தான், டைப் அடித்து ஒரு பக்கம் ஆக்கினோம், அவ்வளவே. கேட்டது ஒன்றே ஒன்று: சிறு தொழில்களுக்கு நிலைக் கட்டணத்தை வாங்கி வைத்திருக்கும் லோடுக்குப் போடாதீர்கள், உண்மையில் இழுத்த டிமாண்டுக்குப் போடுங்கள்.

அதையும் ஒழுங்காக அனுப்பினேனா என்றால் இல்லை. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத் தாள் பிரதியைக் கிண்டியில் இருக்கும் ஆணையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் போட்டேன். போட்டுவிட்டு வண்டியை எடுக்கும்போது ஞாபகம் வருகிறது, மின் இணைப்பு எண்ணும் எழுதவில்லை, கையெழுத்தும் போடவில்லை. மறுபடி ஒரு பிரதி, மறுபடி அதே தபால் கவுன்டர். "நேத்துதான வந்தீங்க?" என்று அங்கே இருந்த அம்மா சிரித்தார்.

ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்கிற நேரடிக் கூட்டம் மூன்று ஊரில். ஆகஸ்ட் 16 கோயம்புத்தூர், 18 மதுரை, 22 சென்னை. வடஆற்காட்டுக்காரர்களுக்கு எது வசதி என்றால் சென்னைதான். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தேன். கூட்டம் நடந்தது கலைவாணர் அரங்கத்தில், அது இருப்பது சேப்பாக்கம் வாலாஜா ரோட்டில். ஆட்டோவிலிருந்து இறங்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாலாஜா என்பது ஆற்காடு நவாபின் பட்டப்பெயர், அவர் பெயரில் ஏறி அவர் பெயரிலேயே இறங்கியிருக்கிறேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெருமையாகச் சொல்லுவார். வழியில் பேசிக்கொண்டுபோக யாரும் இல்லாததால் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பாய் வருகிறேன் என்றவர், ஷிப்மென்ட் இருக்கிறது என்று காலையில் மெசேஜ் போட்டுவிட்டார்.

உள்ளே நான் நினைத்ததைவிடப் பெரிய கூட்டம். பேச வருபவர்களின் பெயரை வாசலில் எழுதிக்கொண்டார்கள். விவசாயிகள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள், கட்சிக்காரர்கள், பெரிய மில்லுக்காக வந்த வக்கீல்கள் என்று எல்லா மாதிரி ஆட்களும். ஒருவர் பேசும்போது பின்னால் கைதட்டல், இன்னொருவர் கோபமாகக் கத்தினார், மேடையில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு கேட்டுக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் நான் வேடிக்கை பார்த்தேன். அப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன், மேடையில் பேனா எப்போது அசைகிறது, எப்போது சும்மா இருக்கிறது என்று. "ஏழை எளிய மக்களின் வயிற்றில்" என்று யாராவது ஆரம்பித்தால் பேனா நிற்கும். "மனுவின் இந்தப் பக்கத்தில் இந்த அட்டவணையில்" என்றால் அசையும். வக்கீல்கள் எல்லாரும் பக்க எண்ணில்தான் ஆரம்பித்தார்கள்.

என் முறை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்தது. மைக்கைப் பிடித்ததும் இவ்வளவு பாடம் படித்ததெல்லாம் பறந்துபோய், "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்து, ராணிப்பேட்டை ஒரு தொழில் நகரம் என்று அவர்களுக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்லி, எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை நானே தின்றுவிட்டேன். சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார்கள். அப்போதுதான் கையில் இருந்த பில் ஞாபகம் வந்தது. தூக்கிக் காட்டி, "ஐயா, என் லோடு 54. வருஷம் முழுக்க நான் இழுத்தது 38. மிச்சம் 16 கிலோவாட்டுக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்?" என்றேன். ஒரு பேனா அசைந்தது. லோடைக் குறைத்துக்கொள்ள ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று மேடையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. "நாளைக்கு ஆர்டர் வந்தா மறுபடி லோடு ஏத்தணும், அதுக்கு மறுபடி டெபாசிட், மறுபடி அலைச்சல்" என்றேன். சரி, எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா, உட்காருங்கள் என்றார்கள். மூன்று நிமிஷம் இருக்கும். வெளியே வந்து திருவல்லிக்கேணியில் சாம்பாரில் மிதக்கிற இட்லி சாப்பிட்டபோது கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 9-ஆம் தேதி உத்தரவு, மறுநாளே அமல். உத்தரவில் பொதுமக்கள் சொன்ன கருத்து, அதற்கு வாரியத்தின் பதில், அதன்மேல் ஆணையத்தின் பார்வை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். நிலைக் கட்டணத்தைப் பற்றிப் பலர் சொன்னதோடு என்னுடையதும் கரைந்து கிடந்தது, தனியாகத் தேட வேண்டியதில்லை. நான் கேட்டது கிடைக்கவில்லை. 50 கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 75 ரூபாய், அதற்கு மேலே 112 வரை 150 ரூபாய். யூனிட் 6.35-இலிருந்து 7.50. பீக் ஹவர், அதாவது கரண்டுக்குத் தேவை கூடுகிற நேரம் என்று காலையிலும் மாலையிலும் சில மணி நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல்.

இப்போது அந்த 54-க்கு வருகிறேன். 50-ஐத் தாண்டிய நாலு கிலோவாட்டுக்கு மட்டும் 150 இல்லை, தாண்டிவிட்டால் மொத்த லோடுக்கும் 150. 54 கிலோவாட்டுக்கு மாதம் 8,100 ரூபாய். 50-இல் நின்றால் 3,750. நான் தொடாத நாலு கிலோவாட்டுக்கு மாதம் 4,350 ரூபாய் போகிறது! ஆட்டோவிலிருந்து இறங்கிச் சிரித்த அதே ஆள், கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மேடையிலிருந்து வந்த கேள்வி அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே லோடைக் குறைக்க விண்ணப்பம் போட்டு, கொஞ்சம் அலைந்து, 50-க்கு இறக்கினேன். 40-க்கு இறக்கியிருக்கலாமே என்று பெரியப்பா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆர்டர் வரும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் 51, 52, 55 என்று உட்கார்ந்திருந்த ஏழெட்டு ஷெட்காரர்களுக்கு இதைச் சொன்னேன். பாய்க்கு 56 இருந்தது, அவரும் இறக்கினார், ஷிப்மென்ட்டைக் காரணம் காட்டி வராத பாவத்துக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

நான் செய்த தப்பைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா. 2023 ஜூலையில் பில் மறுபடி ஏறியிருந்தது. மனு எப்போது போட்டார்கள், கூட்டம் எப்போது நடந்தது என்று விசாரித்தால், கூட்டமே இல்லை. 2022 மனுவிலேயே வருஷாவருஷம் ஜூலை முதல் தேதி 6 சதவீதம் ஏற்ற அனுமதி கேட்டிருந்தார்கள். ஆணையம் அதை 6 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அது என்று திருத்தி, 2026-27 வரைக்கும் கொடுத்திருக்கிறது. அப்படித்தான் 2023-இல் 2.18 சதவீதம், 2024-இல் 4.83, 2025-இல் 3.16 என்று வந்தது. சில வருஷம் வீடுகளுக்கு அரசு மானியமாக ஏற்றுக்கொண்டது, எங்களுக்கு அது கிடையாது. ஒரு ரேட்டுக்காகப் பேசப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன், அது ஐந்து வருஷத்துக்கான கூட்டம். அந்த வரி முத்துக்கடையில் நான் பிரின்ட் போடாமல் விட்ட பக்கங்களில் இருந்தது. நான் கேட்ட அளவில் அரங்கத்திலும் முக்கால்வாசிப் பேர் அவரவர் ரேட் இருக்கிற வரியைத்தான் பேசினோம், வருஷாவருஷம் வரும் ஜூலை ஏற்றத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2023 செப்டம்பர் 25-ஆம் தேதி மாநிலம் முழுக்கச் சிறு தொழில்கள் ஒரு நாள் கதவடைப்பு செய்தன, நாங்களும் ஷட்டரை இறக்கினோம். நவம்பரில் பீக் ஹவர் கூடுதலை 25-இலிருந்து 15 சதவீதமாகக் குறைத்தார்கள், 12 கிலோவாட்டுக்குக் கீழே இருப்பவர்களைக் குறைந்த கட்டண வகைக்கு மாற்றினார்கள். கூட்டத்தில் பேசியதற்குக் கிடைத்ததா, ஷட்டரை இறக்கியதற்குக் கிடைத்ததா என்று எங்கள் டீக்கடையில் இன்னும் சண்டை நடக்கிறது. ஷட்டர்தான் என்பது பாயின் கட்சி. பெரியப்பாவோ, அன்றைக்கு எல்லாரும் எழுதி வைத்த கணக்கு இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கியவர்கள் கையில் கேட்பதற்கு என்ன எண் இருந்திருக்கும் என்பார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த மனு வந்தால் இந்தத் தடவை முழுசா பிரின்ட் போடுவது என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். பாய் பாதிக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பெயரையும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும், அன்றைக்கு மட்டும் ஷிப்மென்ட் வராமல் இருக்க வேண்டும்.