எஸ்டீமுக்குப் பின்னால் டிஸ்க்: ஒரு தக்கலைக் கூத்து

பழைய மாருதி எஸ்டீமை ரேலிக்குத் தயார் செய்கிறவர் என்ஜினைத் தொட்டு, சஸ்பென்ஷனைத் தொட்டு, அப்புறமும் கையில் காசு மிச்சம் இருந்தால் அடுத்து கை வைப்பது பின் பிரேக்கில்தான்: டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்ட. தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே ஒரு ஒர்க்‌ஷாப்பில் மழைக்காலத்தில் நடந்ததும் அதுவே. வண்டிக்காரர் ஆசையைச் சொல்லி முடிப்பதற்குள் ஆசான் கேட்டுவிட்டார்: "பின்னால டிஸ்க் போட்டா வண்டி சட்டுன்னு நிக்கும்னு ஒமக்கு யாரு சொன்னா?"

கேள்வி நியாயமானது. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும். முன்சக்கர இழுவை வண்டியில் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. பின் டிஸ்க் மாட்டியதால் நிற்கும் தூரம் பெரிதாகக் குறைந்துவிடாது. லாபம் வேறு இடத்தில். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம், உள்ளிருந்து ஷூ அதை அழுத்தும். அதற்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் லேசில் வெளியே வராது. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். டிஸ்க் திறந்த தட்டு, இரு பக்கமும் பேட் அதை நெருக்கும். அதில் தண்ணீர் சுழற்சியிலேயே தெறித்துப் போகும், பேட் மாற்றுவதும் சில நிமிட வேலை. தென்மேற்கும் வடகிழக்கும் முறை வைத்துப் பெய்கிற குமரி மாவட்டத்தில், ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டுகிறவருக்கு இது போதுமான காரணம்தான். ஆனால் எந்த வகுப்பில் போட்டி போடுகிறோமோ அதன் விதி இதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டே வந்திருந்தார். அன்றைக்குச் சரியாக நடந்த ஒரே காரியம் அது.

டிரம்மை உருவியதும் முதல் அதிர்ச்சி. எஸ்டீமில் சக்கரத்தை மாட்டுகிற பின் ஹப் என்று தனியாக ஒன்று கிடையாது. டிரம்தான் ஹப். பேரிங் உட்கார்ந்திருப்பது அதற்குள், வீல் போல்ட் நிற்பதும் அதில்தான். டிரம்மைத் தூக்கிப் போட்டால் சக்கரத்தை மாட்ட இடமே இல்லை. இதே தலைமுறை சுசுகி ஸ்விஃப்ட் ஜிடிஐக்குக் கம்பெனியிலேயே பின் டிஸ்க் உண்டு, அதன் ஹப் கிடைத்தால் யோகம். கிடைக்காதபோது எந்த லேத்துக்குப் போனாலும் ஒரே யோசனைதான் வரும்: "டிரம்மோட வெளி வட்டத்தக் கடைஞ்சு எறிஞ்சிட்டு நடுவுல உள்ளத ஹப்பா வச்சுக்கலாம்." பலர் செய்கிறார்கள். ஆனால் அது வார்ப்பிரும்பு. மெலிந்த இடத்தில் அடி விழுந்தால் வளைந்து எச்சரிக்காது, நேரே உடையும். அப்போது நம் சக்கரமே நம்மை ஓவர்டேக் எடுத்துப் போகும். எஃகில் புதிதாகக் கடைந்த ஹப்புக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. ஹப் முகத்தில் துரு, பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. டிஸ்க்கை மாட்டி டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தள்ளித் தள்ளி விலக்கும். அடுத்த மிதியில் பெடல் காலுக்குச் சிக்காது.

பேடை டிஸ்க்கின்மேல் நெருக்குகிற காலிப்பர், பழைய ஸ்கோடா ஆக்டேவியாவின் பின் காலிப்பர். பிஸ்டன் 38 மி.மீ., ஹேண்ட் பிரேக் திருகும் அதற்குள்ளேயே. டிஸ்க்கும் அதே வண்டியுடையது: 232 மி.மீ. விட்டம், 9 மி.மீ. தடிமன், நடுத்துளையும் போல்ட் துளையும் நம் ஹப்புக்குத் தக்கபடி. இங்கே ஒரு கணக்கு போட்டே ஆக வேண்டும். 180 மி.மீ. டிரம்மில் ஷூவைத் தள்ளுவது 17.5 மி.மீ. வீல் சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். 38 மி.மீ. பிஸ்டனின் பரப்பு அதைப்போல 4.7 மடங்கு. டிரம்மின் முன் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். அந்தச் சலுகை டிஸ்க்குக்கு இல்லாததால் அதைச் சுமார் 2.5ஆல் வகுத்துவிடலாம். வகுத்த பிறகும் அதே அழுத்தத்தில் பின் சக்கரத்தின் பிடி கிட்டத்தட்ட இரட்டிப்பு. அப்படியே ஓட்டினால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும்.

அதற்கு மருந்து, பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் புரொபோர்ஷனிங் வால்வு. வண்டிக்காரர் ஒன்று வாங்கி வந்திருந்தார், ஒன்றே ஒன்று. முன்சக்கர இழுவை வண்டிகளில் பிரேக் திரவம் போகிற சுற்று பெரும்பாலும் குறுக்காக ஓடும்: முன் இடதும் பின் வலதும் ஒரு சுற்று, மற்ற இரண்டும் இன்னொன்று. பின்னால் போகிற லைன் இரண்டு, வால்வு ஒன்று. "ஒரு செருப்ப வாங்கிட்டு வந்திருக்கேரு வோய்" என்றார் ஆசான். வழி இரண்டு. ஒரே மாதிரி வால்வு இரண்டு போட்டு இரண்டையும் ஒரே அளவுக்குத் திருப்ப வேண்டும், அல்லது சுற்றையே முன் தனி, பின் தனி என்று மாற்றிப் பைப் இழுக்க வேண்டும். ரேலிக்கு இரண்டாவதே மேல், ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக் போட நினைத்தாலும் அதுதான் வசதி. அப்படி இழுக்கும்போது வண்டியில் ஏற்கெனவே உள்ள கம்பெனி வால்வைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் வரிசையில் நின்றால் எது எதைக் குறைக்கிறது என்றே தெரியாது. பெடலை மிதித்தால் அழுத்தம் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு அறையும் இந்தப் புதுப் பங்கீட்டுக்குப் போதிய பிரேக் திரவத்தைத் தள்ளுமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு 10 மி.மீ. தட்டில் வெட்டினார்கள். போல்ட் 10.9 கிரேடு. சக்கரத்தைத் தாங்குகிற ஸ்டப் ஆக்ஸிலில் வெல்டிங் வைக்கும் பேச்சே கூடாது. டிஸ்க் காலிப்பரின் நட்டநடுவில் நிற்கும்படி ஷிம் என்கிற மெல்லிய தகடு கொடுக்க வேண்டும். ரிம்முக்கும் காலிப்பருக்கும் இடைவெளி பார்க்க, சப்பாத்தி மாவைக் காலிப்பர் மேல் ஒட்டிச் சக்கரத்தை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நசுங்கிய மாவின் தடிமன் 3 மி.மீ.க்குக் குறைந்தால் வேறு ரிம் தேடுங்கள், இடையில் சல்லி மாட்டினால் ரிம்மையே அறுக்கும். ரிம்மின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் ஈயத்தையும் மறக்கக் கூடாது. 'டிக் டிக்' என்று அடிக்கும், பேரிங் போயிற்று என்று பேரிங் மாற்றுவார்கள்.

ஒர்க்‌ஷாப் பையன் அதற்குள் இரண்டு நல்ல காரியம் செய்யப் பார்த்தான். பிஸ்டனை உள்ளே தள்ள ஜி கிளாம்ப் எடுத்தான். ஹேண்ட் பிரேக் உள்ளே இருக்கிற காலிப்பரில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே அழுத்த வேண்டும், வெறுமே நெருக்கினால் உள்திருகு நாசம். அடுத்து, காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின்னுக்கு வீல் பேரிங் கிரீஸ். தாது எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும், பெட்ரோலில் கழுவினாலும் அதே கதி. பிரேக்குக்கென்று விற்கிற கிரீஸ் மட்டும். இரண்டு தடவையும் ஆசான் அவன் கையைத் தட்டிவிட்டார்.

பிறகு பிளீடிங், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. சாயங்காலம் நாலு மணிக்கு டாட் 4 பிரேக் திரவப் பாட்டிலைத் திறந்தார்கள். புதிதாக 230 டிகிரியில் கொதிக்க வேண்டிய திரவம், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் 155 டிகிரிக்கே கொதித்துவிடும். கடல்காற்று ஊர் இது, பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போகக் கூடாது. பையன் உள்ளே பெடலில், ஆசான் கீழே, காற்றை வெளியேவிடும் நிப்பிளில். "மிதி... மிதி... மிதிச்சுப் பிடி... விட்ராத!" நிப்பிளில் குமிழி ஒன்றுகூட இல்லை, கண்ணாடி போலத் திரவம். பெடலோ பஞ்சு. மறுபடி "பிடி... விட்ராத!" மதிலுக்கு அப்பால் இருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "ஏ மக்கா, பசு கன்னு ஈனுதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனார்.

ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. மாஸ்டர் சிலிண்டர் போச்சு. ஹோஸ் ஊதுது. திரவம் டூப்ளிகேட். ஒரு லிட்டர் தீர்ந்தது. பஞ்சர் ஒட்ட வந்த ஆட்டோக்காரர்தான் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆசானே, நிப்பிள் என்னத்துக்குத் தரையப் பாத்து நிக்குது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காற்று மேலே போகும், நிப்பிள் கீழே இருந்தால் சுத்தமான திரவம்தான் வரும், காற்று மேல்மூலையில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். குமிழி வராததே அதன் அடையாளம். இடது காலிப்பர் இடதில்தான் இருந்தது, வலதும் வலதில்தான். ஆனால் இடம் போதாமல் பிராக்கெட்டை அச்சின் மறுபக்கத்துக்குத் திருப்பியிருந்தார்கள். அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டியது முன்னால் போனால் காலிப்பர் தலைகீழாகும், இடதையும் வலதையும் மாற்றி மாட்ட வேண்டும். ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் அந்தப் பக்கம் எட்டுமா என்று சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டும், முழுதாக ஏற்றியும் பார்க்க வேண்டும். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டுக்குச் செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. மாற்றி மாட்டிப் பத்து நிமிடத்தில் பெடல் கல்லு மாதிரி நின்றது. ஆட்டோக்காரருக்குப் பஞ்சர் இலவசம்.

ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்குவது ஒர்க்‌ஷாப்பில் கடைசி வேலை. முதலில் பெடலைப் பலமுறை மிதித்து காலிப்பரின் தானியங்கி அட்ஜஸ்டரை வேலை செய்ய விட வேண்டும், காலிப்பர் லீவர் முழுதாகத் திரும்பித் தன் ஸ்டாப்பில் உட்கார வேண்டும். கேபிளை முன்கூட்டி இறுக்கினால் அட்ஜஸ்டர் வேலை செய்யாது, பேடும் உரசும்.

அடுத்தது வால்வைச் சரிபார்க்க ஆளில்லாத ரோடு. குமரி மாவட்டத்தில் இதுதான் கிடைக்காத ஸ்பேர் பார்ட். ஒரு ஊர் முடியும் முன்னே அடுத்த ஊர் தொடங்கிவிடும். கடைசியில் விடியற்காலை பேச்சிப்பாறை பக்கம் போனார்கள். வால்வை பின் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்படி வைத்து, ஈரத் தாரில் 40 கி.மீ. வேகத்தில் ஒரே மிதி. வெளியே நிற்கிறவர் எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முன் சக்கரம் முதலில், பின் சக்கரம் அதற்கு ஒரு பொடி பிந்தி, அதுவரை வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். மண் பாதையில் பிடி குறைவு, எடை அவ்வளவாக முன்னால் சாயாது, எனவே பின்னால் கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம். தாருக்குத் திரும்பும்போது மறக்காமல் குறைக்க வேண்டும்.

புது பேடைப் பழக்க, 60இலிருந்து 10 கி.மீ.க்கு எட்டுப் பத்து முறை, முழுதாக நிறுத்தாமல். சூட்டோடு நிறுத்தினால் பேடின் பூச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டு பிற்பாடு பெடல் நடுங்கும். சூடான டிஸ்க்கில் ஹேண்ட் பிரேக் இழுத்துச் சரிவில் விட்டாலும் ஆபத்து: ஆறும்போது டிஸ்க் சுருங்கும், பிடி தளரும், வண்டி தானே கிளம்பும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். அந்த எஸ்டீமின் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஆசான் ஒரு கருங்கல்லை வைத்தே அனுப்பினார். பில்லில் விலை போடாத ஒரே பார்ட் அதுதான்.