கூரை ஏசியிலிருந்து சொட்டுவது எந்தத் தண்ணீர்?

தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள கேம்பர் வேனின் கூரை ஏசியிலிருந்து உள்ளே தண்ணீர் சொட்டினால், பலரும் முதலில் தேடுவது இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் சீலண்டைத்தான். என் வேனில் சொட்டியபோதும் ஏசியைச் சுற்றிலும் சிலிக்கான் பூசிவிடும்படி ஒரு மெக்கானிக் சொன்னார். நான் இசையவில்லை. சொட்டுவது மழைநீரா, ஏசியே உண்டாக்கும் நீரா என்று அறியாமல் எதை அடைத்தும் பயனில்லை. மேலும், அந்த ஏசியின் நீர் வெளியேற வேண்டிய வழியையும் அப்பூச்சு மூடிவிடக்கூடும்.

பிரித்தறிவது கடினமன்று. மழையில்லாத நாளில், ஏசி சிறிது நேரம் ஓடிய பின் சொட்டினால் அது குளிர்ச்சிச் சுருளில் படிந்த நீர். ஏசி ஓடாதபோது மழையில் மட்டும் சொட்டினால் அது கூரை வழியாக நுழையும் நீர். என் வேனில் இரண்டும் இருந்தன.

ஏசி ஓடும்போது சொட்டியதை முதலில் கவனித்தேன். வேனுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுருளில் பட்டு நீராகி, அடியிலுள்ள தட்டில் சேர்ந்து, அதன் ஓரத் துளைகள் வழியாகக் கூரைமேல் வழிந்தோட வேண்டும். பெரும்பாலான கூரை ஏசிகளுக்குத் தனி வடிகுழாய் கிடையாது என்பதால், வெளியே கூரையில் நீர் வழிவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மின் இணைப்பைத் துண்டித்து மேலுறையைக் கழற்றினேன். துண்டித்த பிறகும், மின்னைச் சேமித்து வைக்கும் உறுப்பான கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் அதன் முனைகளில் கைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டின் துளைகளைக் காய்ந்த சேறும் குளவிக்கூட்டின் மண்ணும் அடைத்திருந்தன. மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் அவற்றைக் குத்திவிட்டு, குவளை நீரை மெதுவாக ஊற்றியபோது அது தடையின்றி வெளியேறியது. கம்பியைப் பயன்படுத்தினால் தட்டிலேயே ஓட்டை விழக்கூடும்.

துளைகள் சரியாக இருந்தும் சொட்டுகிறதென்றால், வேன் சாய்வாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டு ஆழமற்றது, ஆகையால் சற்றுச் சாய்ந்தாலும் நீர் விளிம்பைத் தாண்டிவிடும். அழுக்கேறிய வடிகட்டியும் காரணமாகலாம். காற்றோட்டம் குறைந்து சுருளில் பனி உறைந்து, ஏசியை நிறுத்தியதும் மொத்தமாக உருகிக் கொட்டும்.

மழைநீருக்கு வருவோம். பரவலாகப் புழங்கும் மாடல்களில், ஏசி அமரும் கூரைத் திறப்பு ஏறத்தாழ 14 அங்குலச் சதுரமாக இருக்கும். அதைச் சுற்றி, இடைவெளியில் நீர் புகாமல் அடைக்கும் நுரைக் கேஸ்கெட் ஒன்று படிந்திருக்கும். உள்ளிருந்து முடுக்கப்படும் நான்கு போல்ட்டுகள் ஏசியைக் கீழிழுத்து அந்தக் கேஸ்கெட்டை ஏறத்தாழப் பாதித் தடிமனுக்கு அழுத்துகின்றன. வண்டியின் அதிர்வில் போல்ட்டுகள் தளர்கின்றன, நுரையும் காலப்போக்கில் தன் மீள்திறனை இழக்கிறது. உட்புற மூடியைக் கழற்றினால் போல்ட்டுகள் தெரியும். பல கையேடுகள் 40 முதல் 50 அங்குல-பவுண்டு முறுக்கு விசையையே குறிப்பிடுகின்றன. அதாவது, நியூட்டன்-மீட்டரில் ஏறத்தாழ 5. கையின் முழு வலுவையும் காட்டினால் கேஸ்கெட் நசுங்கி, கூரையும் உள்வாங்கி, அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும். ஆகவே குறுக்குமூலை வரிசையில், சிறிது சிறிதாக முடுக்கினேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஏற்கெனவே தட்டையாகிப் போன கேஸ்கெட்டை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. ஏசியைத் தூக்கிப் புதியதை வைக்க வேண்டும், அந்த எடைக்கு இரண்டு பேராவது தேவை.

அதன்பின்னும் மழையில் உள்ளே சொட்டினால், ஏசியை விட்டுவிட்டு கூரையின் மற்றத் துளைகளைப் பார்ப்பது நல்லது. சோலார் கம்பி நுழையும் இடத்திலோ காற்றுப்போக்கியின் விளிம்பிலோ புகும் நீர், கூரையின் உட்சட்டங்கள் வழியே ஓடி, ஏசித் திறப்பில் வந்து சொட்டலாம். ஒருவர் உள்ளே நின்று கவனிக்க, மற்றவர் ஹோஸால் தாழ்வான பக்கத்திலிருந்து மேல்நோக்கி, ஒவ்வோர் இடமாக நிதானித்து நனைத்துவந்தால், நுழைவிடம் தெரிந்துவிடும். சீலண்டுக்கு வேலை இருப்பது அங்கேதான்.