மாஸ்டடானுக்குப் புதிதாக வருகிறீர்களா? பெரிய சேவராகப் பாருங்கள்

மாஸ்டடான் என்பது பேஸ்புக் போல ஒரு சமூக வலைத்தளம், ஆனால் ஒரே நிறுவனத்திடம் இல்லாமல் பலர் தனித்தனியாக நடத்துகிற சேவர்களில் (கணினிகளில்) ஓடுகிறது. அதில் கணக்குத் திறக்கப் போகிற கூட்டாளிமார் எல்லாரும் கேட்பது "எந்த சேவர்?" என்றுதான். பட்டியலைத் திறந்தால் அது முடிகிற மாதிரியே தெரியாது, பாதிப் பேர் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுகிறார்கள்.

டயலொக் சிம் வைத்திருப்பவர் மொபிடெல்காரரோடு கதைக்கிற மாதிரித்தான் இதுவும். எந்த சேவரில் இருந்தாலும் மற்ற சேவர்காரரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது அக்டிவிட்டிபப் என்கிற ஒரே நெறிமுறை, அதாவது சேவர்கள் ஒன்றோடொன்று பேசுகிற முறை. படத்துக்கான பிக்ஸல்ஃபெட்டும் வீடியோவுக்கான பியர்டியூப்பும்கூட அதில்தான் ஓடுகின்றன. ப்ளூஸ்கை என்கிற இன்னொரு சமூக வலைத்தளம் வேறு கதை, அதன் நெறிமுறை வேறு.

சின்ன சேவரில் சேருங்கள், அதுதான் இதன் அழகு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது சரி. தமிழில் எழுதப் போகிற ஒருவருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு சேவருக்கு, பெரும்பாலும் அங்கே இருப்பவர்கள் பின்தொடர்கிற ஆட்களின் பதிவுகள்தான் வந்து சேரும். ஐம்பது பேர் இருக்கிற சேவரில் ஒருவரும் தமிழரைப் பின்தொடரவில்லை என்றால், நீங்கள் #மட்டக்களப்பு என்று தேடினாலும் வெறுமைதான், உலகத்தில் ஒருவருமே எழுதவில்லை போல இருக்கும். ஆகவே முதலில் பெரிய சேவர். பிடிக்காவிட்டால் பிறகு மாறலாம், பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் மட்டும் வராது.

அப்படியிருந்தும் முதல் வாரம் காய்ந்துதான் கிடக்கும். இதைப் பார், அதைப் பார் என்று தள்ளிவிட அங்கே அல்கோரிதம் இல்லை, நீங்கள் பின்தொடர்கிறவர்கள் எழுதுவது நேர வரிசையில் வரும், அவ்வளவுதான். ஆளைப் பின்தொடர்வது போல ஹேஷ்டேக்கையும் பின்தொடரலாம், #தமிழ் இல் தொடங்குங்கள். உங்கள் பதிவிலும் டேக் போடுங்கள், ஏனென்றால் தேடலில் காட்டச் சம்மதம் கொடுக்காதவர்களின் பதிவுகள் சொல் தேடலில் அகப்படாது. பதிவின் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். பிடித்த பதிவுக்கு லைக் போட்டால் எழுதினவருக்குச் சந்தோசம், ஆனால் அதால் பதிவு உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குப் போகாது. பூஸ்ட் (மறுபகிர்வு) செய்தால்தான் அவர்களுக்குப் போகும். கல்லடியில் கரைவலை இழுக்கிற படம் போட்டால் படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி விவரணமும் எழுதுங்கள், பார்வையற்றவர்களுக்காக அங்கே பலர் அதை எதிர்பார்க்கிறார்கள்.

தனிச்செய்தியில் குடும்ப விஷயம், காசு விஷயம் வேண்டாம். அது முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டதல்ல, சேவர் நடத்துகிறவர் நினைத்தால் வாசிக்கலாம். பேஸ்புக்கையும் உடனே மூடிவிடாதீர்கள், ஊர் மரண அறிவித்தல்கள் இன்னும் அங்கேதான் வருகின்றன.

பிறகு ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டால், 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாக ஒரு பொய் பேஸ்புக்கில் பரவியதையும் அதையொட்டி முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறையையும் நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 இல். மாஸ்டடானில் முறைப்பாடு சேவர் நடத்துகிற ஆளிடமே போகும். அவருக்குத் தமிழோ சிங்களமோ தெரியாமல் இருக்கலாம், அதனால் என்ன எழுதியிருக்கிறது, ஏன் ஆபத்து என்று ஆங்கிலத்தில் நாலு வரி சேர்த்து அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்தக் குப்பை வருகிற சேவரையே உங்கள் கணக்கில் மொத்தமாகத் தடுத்துவிடலாம்.