மனுஷனை ஒன்றும் செய்யாத வைரஸ்

எங்கள் ஆய்வகத்தில் அதிகம் புழங்குகிற வைரஸ் மனுஷனை ஒன்றும் செய்யாது. கோமாரியைச் சொல்கிறேன். மாட்டுக்கு வந்தால் நாக்கில் கொப்புளம், மடியில் புண், குளம்பு கழன்று நிற்கக்கூட முடியாது. ஆட்டுக்கும் பன்றிக்கும் வரும். அதே வைரஸோடு நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நான் பார்ப்பது உயிர்ப் பாதுகாப்பு மேலாளர் வேலை. அதில் வருகிற தலைவலியில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

மனித நோய்களை ஆராய்கிற இடங்களில் பயமே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நிபாவோடு வேலை செய்கிறவரிடம் முகக்கவசத்தை ஒழுங்காகப் போடுங்கள் என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. எங்கள் கட்டடத்துக்குள்ளேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். பறவைக் காய்ச்சல் மாதிரிகள் வந்திருக்கிற வாரத்தில் கையுறையை இரண்டு தடவை ஊதிப் பார்த்துப் போடுகிற அதே ஆள், அடுத்த வாரம் கோமாரிப் பக்கம் போனால் எப்போது குளித்து முடித்துக் கேண்டீனுக்குப் போகலாம் என்று கடிகாரத்தைப் பார்ப்பார். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அவர் மூக்கிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வெளியே போவது ரோட்டில் நிற்கிற ஏதோ ஒரு மாட்டுக்குத்தான் ஆகும்.

நான் நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவர். கொஞ்ச காலம் பண்ணை, கொஞ்ச காலம் தடுப்பூசி என்று சுற்றிவிட்டு, வடக்கே ஒரு நகரத்தில் இருக்கும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். லேபில் வேலை என்றால் ஊரில் எல்லோரும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் மைக்ரோஸ்கோப்பைத் தொட்டே பல காலம் ஆகிறது. ஏசி பிளான்ட், கதவு ரப்பர், பாய்லர், கழிவுநீர்க் குழாய், ஜெனரேட்டர் டீசல் இவைதான் என் பிழைப்பு. பிளம்பரோடு பேசுகிற அளவுக்கு விஞ்ஞானிகளோடு நான் பேசுவதில்லை.

காரணம் இருக்கிறது. குழாயில் இருக்கிற வைரஸைக் கண்ணாடிக் கேபினெட்டுக்குள் வைத்து வேலை செய்யலாம். நானூறு கிலோ மாட்டை எந்தக் கேபினெட்டுக்குள் நிறுத்துவது? அதனால் அறையே கேபினெட் ஆகிவிடுகிறது. சுவர், தரை, கூரை, கதவு எதிலும் ஒரு விரிசல் இருக்கக் கூடாது, உள்ளே இருக்கிற மாடு மூச்சு விடும், சாணி போடும், கோபம் வந்தால் சுவரை முட்டும், எல்லாவற்றையும் அந்த அறை தாங்க வேண்டும். காற்று என்றால் அலட்சியமாக நினைப்பவர்களுக்கு 1981இல் நடந்ததைச் சொல்வேன். பிரான்சில் பிரிட்டனி பகுதிப் பன்றிகளுக்கு வந்த கோமாரி, காற்றிலேயே கடலைத் தாண்டி இங்கிலாந்தின் வைட் தீவு மாடுகளுக்குப் போயிற்று. அதனால்தான் வெளியே போகிற காற்றை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஹெப்பா வடிகட்டிகள் வழியாக அனுப்புகிறோம். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை ஒரு வடிகட்டியே பிடித்துவிடும், இருந்தும் இரண்டு.

அப்புறம் அழுத்தம். உள்ளே போகப் போக ஒவ்வொரு அறையிலும் காற்றழுத்தம் குறைந்துகொண்டே போக வேண்டும், அப்போதுதான் கதவைத் திறந்தாலும் காற்று உள்பக்கம்தான் ஓடும். ஒரு அறைக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 10, 15 பாஸ்கல், அதாவது ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கிற அழுத்தம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. எங்கள் ஊரில் மழைக்காலம் வந்தால் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது.

அதனால் வருடாந்திரப் பராமரிப்பில், அறைகளைக் காலி செய்து கிருமிநீக்கமும் முடித்த பிறகு, நாங்களே மெயினை அணைத்துப் பார்ப்போம். இதற்கென்று விலை கூடிய புகைக் குழல் ஸ்டோரில் இருக்கிறது, ஆனால் கைக்கு வாகானது ஊதுபத்திதான். உள் வராந்தாக் கதவின் கீழ் இடுக்குக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பத்தியைப் பிடித்தால் புகை படுத்தவாக்கில் இடுக்குக்குள் ஓடும். மெயினை அணைத்ததும் மின்விசிறிகளின் இரைச்சல் நின்று, புகை மெல்ல நிமிர்ந்து நேராக எழும்பும். ஜெனரேட்டர் எடுக்கும்வரை அப்படியே நிற்கலாம், தப்பில்லை. எங்கள் பக்கம் மட்டும் சாயக் கூடாது. ஒரு வருஷம் சாய்ந்தது. காற்றை உறிஞ்சுகிற விசிறி எழுவதற்கு முன்னால் காற்றை உள்ளே தள்ளுகிற விசிறி எழுந்துவிட்டது, பெல்ட் தளர்ந்திருந்தது, இணைப்புச் சுவிட்சும் வேலை செய்யவில்லை. அறைகளில் ஒன்றும் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சரிசெய்து மறுபடி நிரூபிக்கும்வரை மாடுகளை உள்ளே ஏற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டு, "ஒரு ஊதுபத்திக்காக ஆராய்ச்சியை நிறுத்துவீங்களா டாக்டர்?" என்றார். ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்ல?

காற்றாவது பரவாயில்லை, எல்லோருக்கும் அதன் மேல் ஒரு கண் இருக்கும். சாக்கடைதான் யாருக்கும் பிடிக்காத பிள்ளை. 2007 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு பண்ணையில் கோமாரி தெரிந்தது. 2001இல் அதே நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று ஒழிக்க வேண்டி வந்த நோய், ஆகவே எல்லோருக்கும் வயிறு கலங்கிப் போயிருக்கும். வைரஸைப் பரிசோதித்தால் அது 1967இல் பரவிய பழைய வகை, வெளியில் எங்கும் சுற்றிக்கொண்டிருந்ததல்ல. அதை வைத்து வேலை செய்துகொண்டிருந்தது சில கிலோமீட்டர் தள்ளி இருந்த பிர்பிரைட் வளாகம், ஆய்வு நிறுவனமும் மெரியல் தடுப்பூசிக் கம்பெனியும் ஒன்றாக இருந்த இடம். விசாரித்தவர்கள் சொன்னது இதுதான்: பழைய கழிவுநீர்க் குழாயில் விரிசல், உள்ளே நுழைந்த மரவேர், சரியாக மூடாத மேன்ஹோல், அந்த ஜூலையில் கொட்டிய மழை. நனைந்த மண் கட்டட வேலைக்கு வந்த வண்டிகளின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு பண்ணைப் பக்கம் போயிருக்க வேண்டும். குழாயின் நிலைமை முன்பே தெரிந்திருந்தும், மாற்றுவதற்கு யார் காசு போடுவது என்பதில் இழுபறி. இந்தக் கடைசி வரியைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அது இங்கிலாந்துக் கதையாகவே தோன்றுவதில்லை.

இத்தனைக்கும் கோமாரி வைரஸ் ஒன்றும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசல் போதும், 0.2 சதவீத சிட்ரிக் அமிலம் போதும். கையில் தடவிக்கொள்கிற ஆல்கஹால் ஜெல்தான் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது, அதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். சீனாவில் 2019இல் லான்ஜோ நகரத்துத் தடுப்பூசி ஆலை ஒன்றில் காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதில், கழிவுக் காற்றோடு புருசெல்லா கிருமி வெளியேறிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. எங்கள் ஸ்டோர் கீப்பர் கேன்களின் தேதியை மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுதி வைப்பதற்கு அந்தச் செய்திதான் காரணம், அவராகவே ஆரம்பித்தது.

ஆனால் இயந்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். குளியல்தான் பெரும்பாடு. உள்ளே இருந்து வெளியே வர ஒரே வழி குளியலறை. உள்ளே போட்டிருந்த துணியை அங்கேயே கழற்றிப் போட்டு, மூக்கைச் சிந்தி, தொண்டையைக் காறி, நகம், காது மடல், தலை எல்லாம் தேய்த்துக் குளித்து, மூக்குக் கண்ணாடியைக் கிருமிநாசினியில் முக்கி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும். காகிதம்கூட வெளியே வராது, ஸ்கேன் செய்து அனுப்புவதுதான். மூன்று நிமிஷம் தண்ணீர் ஓடினால்தான் வெளிக்கதவு திறக்கும் என்று பூட்டு வைத்திருக்கிறோம், அந்த மூன்று நிமிஷமும் ஆள் தண்ணீருக்குள் நின்றாரா ஓரமாக நின்றாரா என்று பூட்டுக்குத் தெரியாது. ஜனவரிக் குளிரில் ஓரமாக நிற்பவர்கள் அதிகம் என்பது என் சந்தேகம். இதைப் பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்தாயிற்று. கடைசியில் பலன் கொடுத்தது புது கெய்சர். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தவுடன் ஆட்கள் குளியலறையை விட்டு வெளியே வர மறுக்கிறார்கள். கெய்சருக்கு உயிர்ப் பாதுகாப்புக் கருவி என்ற தலைப்பில் பணம் கேட்டபோது கணக்குப் பிரிவில் சிரித்தார்கள், பிறகு கொடுத்தார்கள்.

கயிறு இன்னொரு விவகாரம். எங்கள் விதிப்புத்தகம் வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து எழுதியது, அதில் மோதிரம், கடிகாரம் எல்லாம் இருந்தது, மணிக்கட்டுக் கயிறும் அரைஞாண் கயிறும் பூணூலும் இல்லை. தங்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம், பருத்தி நூல் ஈரத்தையும் அழுக்கையும் குடித்து வைத்துக்கொள்ளும். மாடுகளைப் பார்த்துக்கொள்கிற மூத்த ஊழியர் ஒருவர் கையில் கோயில் கயிறு, சிவப்பு நிறம் போய்க் கறுத்து, கிட்டத்தட்ட தோலோடு ஒட்டியிருந்தது. அவர் என்னை விட வயதில் பெரியவர். கழற்றச் சொன்னபோது கோபப்படவில்லை, "இது இல்லாமல் நான் மாட்டைத் தொட்டதே இல்லை, டாக்டர் சாப்" என்றார். அதற்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது? ரெண்டு நாள் கழித்து அவரே வெறுங்கையோடு வந்தார். கோயில் பூசாரியிடம் கேட்டாராம். மாடுகளுக்காகத்தானே, காலையில் கழற்றி வை, சாயங்காலம் புதுசு கட்டிக்கொள் என்று அவர் சொல்லிவிட்டாராம். இப்போது உடைமாற்றும் அறையின் வெளிப்பக்க அலமாரியில் எப்போதும் ஒரு சிவப்பு நூல்கண்டும் கத்தரிக்கோலும் இருக்கின்றன. யார் வாங்கி வைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

குளித்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. 1970இல் பிர்பிரைட் ஆய்வாளர்கள் நோயுற்ற மாடுகளோடு இருந்தவர்களின் மூக்கைச் சோதித்தபோது, ஒருவரிடம் 28 மணி நேரம் கழித்தும் வைரஸ் கிடைத்தது. அதனால் கோமாரி அறைக்குள் போய்வந்தவர் எங்கள் விதிப்படி 5 நாள் மாடு, ஆடு, பன்றி எதன் கிட்டேயும் போகக் கூடாது. நாள் கணக்கு கூடலாம் குறையலாம், விதி உலகத்தில் எங்கும் உண்டு. ஊருக்குள் மாட்டைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டிய நாட்டில் இது சுலபம். இங்கே எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே எருமை படுத்திருக்கும். பக்கத்து வீட்டில் ஆடு, மாமனார் வீட்டில் பசு, கிரகப்பிரவேசத்துக்குப் போனால் பசுவும் கன்றும் ஹாலுக்குள் நிற்கும். தீபாவளிக்கு மறுநாள் கோவர்த்தன பூஜை, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அன்றைக்கு வீட்டு மாட்டின் நெற்றியில் பொட்டு வைக்காவிட்டால் வருஷமே சரியில்லை. ஆகவே தீபாவளியை ஒட்டிக் கோமாரிச் சோதனைகளையே வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். விஞ்ஞானிகள் முணுமுணுத்தார்கள். கடைப்பிடிக்க முடியாத விதியைப் போட்டுவிட்டுப் பொய்க் கையெழுத்து வாங்குவதை விட இது மேல் என்பது என் கட்சி. மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போக நான் மட்டும் தனியாகத் திட்டம் போட வேண்டியிருக்கிறது, எங்கள் டியூட்டி பட்டியலில் அந்தப் பண்டிகை கிடையாது.

புதிதாகச் சேர்கிற பையன்கள் கேட்கிற ஒரு கேள்வி நியாயமானது. கோமாரிதான் வெளியே தெருவிலேயே இருக்கிறதே சார், உள்ளே பூட்டி வைத்து யாரை ஏமாற்றுகிறோம்? வெளியே இருக்கிறதுதான். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாடுகளுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு வருவதே அதற்காகத்தான். ஆனால் அந்த ஊசியில் இருப்பது ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை. வைரஸில் மொத்தம் ஏழு வகை. அதில் சி வகை இந்தியாவில் 1995க்குப் பிறகு காணப்படவில்லை, உலகத்திலேயே 2004க்குப் பிறகு இல்லை. இன்றைக்கு அது எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால் ஏதாவது ஒரு ஆய்வகத்து ஃப்ரீசரில்தான் இருக்க வேண்டும். ரிண்டர்பெஸ்ட் என்கிற மாட்டு வெக்கை நோயும் அப்படித்தான், 2011இல் ஒழிந்துவிட்டதாக அறிவித்த பிறகு அதன் வைரஸ் இருப்பது அனுமதி பெற்ற சில ஆய்வகங்களில் மட்டும். எதிர்ப்புச் சக்தியே இல்லாத கோடிக்கணக்கான மாடுகள் வெளியே, கடைசிச் சில குப்பிகள் உள்ளே. இதைச் சொன்னால் பையன்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

ஆனால் அறிவு வேறு, பார்த்தது வேறு. அதனால் புது ஆட்களை உள்ளே விடுவதற்கு முன்னால் கோமாரி வந்திருக்கிற கிராமத்துக்குக் கால்நடை மருத்துவர்களோடு அனுப்பிவைக்கிறேன். வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் தொங்க, தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற கலப்பினப் பசுவை அவர்கள் பார்க்க வேண்டும். தாய்க்குப் புண் ஆறுவதற்குள் கன்று திடீரென்று விழுந்து செத்துப்போகும், அறுத்துப் பார்த்தால் இதயத் தசையில் புலிக்கு இருப்பது போலக் கோடு கோடாக இருக்கும். பிழைத்த பசு வெயில் ஏறினால் மாதக் கணக்கில் இரைக்கும், பால் பழைய அளவுக்கு வராது, சொசைட்டிக்கு ஊற்றுகிற வீட்டில் கடன் தவணை நிற்கும். தனக்கு ஒன்றும் ஆகாது என்கிற நினைப்பை இது முழுக்க மாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். போய்வந்தவர்கள் குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது போதும்.

நேர்காணலில் நான் முதலில் கேட்பது வீட்டில் மாடு இருக்கிறதா என்றுதான். கால்நடைப் படிப்பு படித்தவர்கள் ஆகையால் பெரும்பாலும் பெருமையாக, இருக்கு சார், ஆறு உருப்படி என்பார்கள். 5 நாள் விதியைச் சொல்வேன். பரவாயில்லை சார், பார்த்துக்கலாம் சார் என்பார்கள், அந்தப் 'பார்த்துக்கலாம்' எனக்குப் பிடிக்காத வார்த்தை. ஒரே ஒரு பையன் மட்டும் கொஞ்சம் யோசித்தான். அப்பாவுக்கு முடியவில்லை, வாரம் தவறாமல் ஊருக்குப் போய் அவன்தான் மாட்டைப் பார்க்க வேண்டும், அதனால் இந்த வேலை சரிப்படாது சார் என்று சான்றிதழ் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். கமிட்டியில் மற்றவர்கள் நேரத்தை வீணடித்துவிட்டான் என்றார்கள். எனக்கு அவனைத்தான் எடுக்க வேண்டும் போல இருந்தது. இப்போது அரசு மருந்தகம் ஒன்றில் இருக்கிறான், அவன் அனுப்புகிற மாதிரிகள் மூன்று அடுக்குப் பொதியலில், ஐஸ் உருகாமல், ஒரு சொட்டு ஒழுகாமல் வந்து சேர்கின்றன.