நூறு வராத வருடம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த 2025 மே 16-ஆம் தேதியிலிருந்து கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "என்ன டீச்சர், உங்க ஸ்கூல் நூறு பர்சென்ட்டா?" இல்லை. மூன்று பேர் தேறவில்லை. சதவீதமாகச் சொன்னால் 97-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கிறோம். மாநிலத் தேர்ச்சி 93.80, அதைப் பார்த்தால் நாங்கள் நன்றாகவே மேலே இருக்கிறோம். ஆனால் நாங்கள் இருப்பது சிவகங்கை மாவட்டம், இந்த வருடம் 98.31 எடுத்து மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம், அதனால் வேறு ஊராக இருந்தால் சால்வை போட்டிருப்பார்கள், இங்கே "ஏன் குறைஞ்சது?" என்று கேட்கிறார்கள்.

நான் வேலை பார்ப்பது கன்னியர் நடத்தும் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. முழுப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை, சிஸ்டர் ஸ்கூல் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். தமிழ் டீச்சர் என்பதால் ஆண்டறிக்கை எழுதும் வேலை பல வருடமாக என் தலையில்தான். அந்த அறிக்கையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டு விழா பிப்ரவரியில், பொதுத் தேர்வு மார்ச்சில், ரிசல்ட் மே மாதம். ஆக மேடையில் வாசிப்பது எப்போதுமே போன வருட ரிசல்ட். அந்த மார்க்கை வாங்கியவர்கள் கல்லூரியில் முதல் வருடத்தையே முடிக்கப் போகிறார்கள், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யாரோ அக்காவின் மார்க்குக்குக் கை தட்டிவிட்டு மறுநாள் ரிவிஷன் டெஸ்ட் எழுத வருவார்கள். இந்த மே மாதத்து விஷயம் அடுத்த பிப்ரவரியில்தான் மேடை ஏறும். அதற்குள் நானே பாதியை மறந்திருப்பேன், மீதியைச் சாரணியர், ஜே.ஆர்.சி., என்.எஸ்.எஸ்., பசுமைப் படை, மரியாயின் சேனை என்று பள்ளியின் ஒவ்வொரு மன்றத்துப் பொறுப்பாசிரியையும் கொடுக்கும் துண்டுச் சீட்டு தின்றுவிடும். எல்லாச் சீட்டிலும் ஒரே வாக்கியம், "இவ்வாண்டும் சிறப்பாகச் செயல்பட்டது". சரி, சூடு ஆறுவதற்குள் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த மூன்று பேரைப் பற்றி முதலில். நூறு சதவீதம் எப்படி வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லவில்லை, உண்மையாகவே உழைத்து எடுக்கிற பள்ளிகள் உண்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்பு முடியும்போது அம்மா அப்பாவை வரச் சொல்லி, "இவளுக்குப் பத்தாவது கஷ்டம், வேற ஸ்கூல் பாருங்க, இல்லைன்னா பிரைவேட்டா எழுதட்டும்" என்று டி.சி.யைக் கையில் கொடுக்கிற இடங்களும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்த முடியாது, பத்தில் போர்டு எக்ஸாம், நடுவில் மாட்டுவது ஒன்பது. வடிகட்டல் முழுக்க அங்கேதான். வடிகட்டிய பிறகு மிஞ்சுவதை வைத்துப் போடுகிற சதவீதத்துக்கு பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வேறு.

எங்கள் மூவரில் ஒருத்தி அப்படி டி.சி.யோடு வந்தவள். வந்தபோது தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை நிறுத்தாமல் படிக்க அவளால் முடியவில்லை. ஸ்டாஃப் ரூமில் பெரிய விவாதம், எடுத்தால் ரிசல்ட் போகும் என்று சிலர், அவர்கள் சொன்னதும் பொய்யில்லை, ஏனென்றால் தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியது பாட ஆசிரியைதான். தலைமை ஆசிரியை சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நம்மகிட்டயும் இடம் இல்லைன்னா இந்தப் பிள்ளை எங்க போகும்?" அதோடு விவாதம் முடிந்தது. இப்போது அவள் நான்கு பாடத்தில் தேறிவிட்டாள். தமிழில் 58. கணக்கில் மட்டும் 35-க்கு நாலு மார்க் குறைவு. புள்ளிவிவரத்தில் அவள் ஒரு தோல்வி, என் கணக்கில் இந்த வருடம் நான் பார்த்த பெரிய முன்னேற்றமே அதுதான், அந்த 58-ஐ வாங்க அவள் பட்ட பாடு 95 வாங்கிய பிள்ளைக்குத் தெரியாது.

மற்ற இரண்டு பேரின் கதை வேறு. ஒருத்திக்கு வீட்டில் நோய், ஒருத்தி ஜனவரிக்குப் பிறகு பள்ளிக்கு வருவதே குறைந்துபோய், நாங்கள் இரண்டு பேர் வீட்டுக்கே போய் ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து எழுத வைத்தோம். ஆப்சென்ட் ஆகாமல் எழுதினாளே, அதுவே எனக்குப் போதும்.

தமிழ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாநிலம் முழுக்கப் பத்தாம் வகுப்பில் தமிழில் சென்டம் வாங்கியவர்கள் 8 பேர். எட்டே பேர்! போன வருடமும் அதே எட்டுதான். அறிவியலில் பத்தாயிரத்துக்கு மேல். எங்கள் பள்ளிக்கு அந்த எட்டில் பங்கு இல்லை, 98 வாங்கிய ஒருத்தி "மிஸ், அந்த ரெண்டு மார்க் எங்க போச்சு?" என்று கேட்கிறாள், எனக்கு என்ன தெரியும், கட்டுரையில் போயிருக்கும். கணக்கு டீச்சர் நிலைமை இன்னும் மோசம். 2024-இல் கணக்கில் இருபதாயிரத்துக்கு மேல் சென்டம் இருந்தது, இந்த வருடம் 1,996. வினாத்தாள் அப்படி. அவர் மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அவரைச் சிரிக்க வைத்தது போப்பாண்டவர்தான். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் மே 9 என்று சொல்லியிருந்து ஒரு நாள் முன்னதாக மே 8 காலையிலேயே விட்டுவிட்டார்கள். அன்று பகல் முழுக்க போன், மார்க், அழுகை, எந்தக் காலேஜ் என்ற பேச்சு. இரவு ஒன்பதரைக்கு மேல் வத்திக்கானில் வெண்புகை, புதிய போப்பாண்டவர் தேர்வாகிவிட்டார் என்று. ஏப்ரல் 21-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்தபோது பள்ளியில் படம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தோம், அதனால் பிள்ளைகளும் செய்தியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலில் மார்க் ஓடிய வாட்ஸ்அப் குரூப்பில் இரவு பதினான்காம் லியோ ஓடினார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் 1977-இல் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பட்டம் வாங்கியவராம். "பாத்தீங்களா, கணக்குப் படிச்சா எங்க வரைக்கும் போகலாம்னு" என்று கணக்கு டீச்சர் அதை ஸ்டேட்டஸில் வைத்தார். பத்தாவது ரிசல்ட் வந்த பிறகு மறுபடியும் அதையே வைத்தார்.

இந்த வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி எட்டாம் வகுப்பிலிருந்து வந்தது. என்.எம்.எம்.எஸ். தேர்வில் நாலு பேர் தேறியிருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு: தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு, குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு மொத்தம் 6,695 இடம். நாலு வருடத்துக்கு 48,000 என்றால் எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அது சின்னத் தொகை இல்லை, பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிற அப்பாவைக்கூட யோசிக்க வைக்கிற தொகை. இவர்களுக்கு மனத்திறன் பகுதியைச் சனிக்கிழமைதோறும் சொல்லிக்கொடுத்தவர் அரசுச் சம்பளம் வாங்குகிற எங்களில் ஒருவர் இல்லை. காலியிடம் நிரப்பப்படாமல் கிடப்பதால் சிஸ்டர்கள் நிர்வாகச் சம்பளத்தில் வைத்திருக்கும் இளம் ஆசிரியை. எங்கள் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் அவருக்கு. ஆண்டறிக்கையில் தேறிய பிள்ளைகளின் பெயர் வரும், இவர் பெயர் வர நான் சண்டை போடப்போகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேறி மாதம் 1,500 ரூபாய் வாங்குகிறாள். மாநிலத்தில் 1,500 பேருக்கு இது கிடைக்கும், பாதி இடம் அரசுப் பள்ளிக்கு, மீதிக்கு எங்களைப் போன்றவர்களும் தனியார் பள்ளிகளும் மோத வேண்டும். உதவி பெறும் பள்ளி என்றாலே இந்த இழுபறிதான். எங்களிடம் படிக்கிற பிள்ளையும் பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையும் ஒரே தெரு, ஒரே ரேஷன் கடை, ஆனால் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு, இவளுக்கு இல்லை. இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டமும் முதலில் அப்படித்தான் இருந்தது, போன டிசம்பர் 30-இல்தான் தூத்துக்குடியில் வைத்து உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய். இந்த வருடம் பன்னிரண்டாவது முடித்த தமிழ்வழிப் பிள்ளைகளை மேற்படிப்பு பற்றிப் பேச அழைத்தபோது இதைச் சொன்னோம். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக்கள், முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், "மதம் பாத்துக் குடுப்பாங்களோ?" என்று ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார். அதெல்லாம் இல்லைம்மா, ஆதார், பேங்க் பாஸ்புக், அவ்வளவுதான்.

விளையாட்டு. பூப்பந்தில் மாவட்டம் வரை போனோம், அங்கே தோற்றோம். எறிபந்தில் அதற்கும் கீழே, குறுவட்டப் போட்டியோடு சரி. பி.இ.டி. டீச்சர் இதைவிட நீளமாக எழுதச் சொல்வார், ஆனால் இவ்வளவுதான் விஷயம்.

கடைசியாக வந்த செய்திதான் மனதுக்குக் கஷ்டம். மே மாதம் கன்னியர் சபையிலிருந்து சிஸ்டர்களுக்கு மாற்றல் வரும் மாதம், எங்கள் தலைமை ஆசிரியை சிஸ்டருக்கும் வந்துவிட்டது. ஒரு பெட்டி, ஒரு பை, அவ்வளவோடு கிளம்பிவிடுவார். போன நவம்பரில் கன்னியர், குருக்களின் ஆசிரியர் சம்பளத்திலும் வரி பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் கொதித்தோம், சம்பளம் அப்படியே சபைக்குப் போகிறது, சிஸ்டர் கையில் ஒரு ரூபாய் நிற்பதில்லை, இதற்கு என்ன வரி என்று. அவர்தான் சிரித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் குறையலை, ஏற்கனவே ஒண்ணும் இல்லையே" என்றார். புதிதாக வருபவர் எப்படி என்று இன்னும் தெரியவில்லை, ரிசல்ட் விஷயத்தில் கண்டிப்பானவர் என்று காதில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு அட்மிஷனுக்கு டி.சி.யோடு இரண்டு பிள்ளைகள் ஏற்கனவே விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்பே இரண்டிலும் சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜூன் 2 பள்ளி திறக்கிறது. ஜூலையில் துணைத் தேர்வு, மூன்று பேருக்கும் விண்ணப்பித்தாயிற்று, கணக்கு டீச்சர் காலை எட்டரைக்கே வரச் சொல்லியிருக்கிறார். இதைப் படிக்கிற பழைய மாணவிகளில் யாராவது ஊரில் இருந்தால், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். சொல்லிக்கொடுக்க ஆள் தேவை, சம்பளம் கிடையாது, கான்டீன் வடை உண்டு.