விடியாத மார்கழிக்கு ஒரு பூபாளம்

எங்கள் வகுப்பில் ஒருவன் கவிதை எழுதுவான், இன்னொருவன் அதைப் பாடுவான். ஒரே வாங்கில் இருவருக்கும் நடுவில் நான்.

கவிஞன் எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்குப் போனான். வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கிருந்து எழுதியவை கடிதத்துக்குள் மடிந்து வந்ததோடு சரி, புத்தகமாகவில்லை. அவற்றில் ஒன்று பனியைப் பற்றியது. துரொம்சோப் பக்கம் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் மறுபடி தலைகாட்டும். அந்த இருட்டில் வேலைக்கு நடப்பவனின் கவிதை அது. எதுகை, மோனை எதுவும் இல்லை. நடுப்பகுதி கொஞ்சம் தளர்வு என்றுகூட எனக்குப் பட்டது.

பாட்டுக்காரன் வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டான்: "மச்சான், அப்ப மார்கழி முழுக்க அங்கை விடியிறேல்லையோ?"

அவனுக்கு மார்கழி என்றால் திருவெம்பாவை. சின்ன வயதிலிருந்தே விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் போனவன். முதலில் ஆதி தாளத்தில் போட்டுப் பார்த்தான், வரிகள் அடங்கவில்லை. தாளத்தை விட்டுவிட்டு விருத்தமாகப் பூபாளத்தில் எடுத்தான். மத்திமமும் நிஷாதமும் இல்லாத, விடியலுக்கென்றே உள்ள இராகம். கவிதையின் கடைசிச் சொல் 'பனி'. 'ஏலோர் எம்பாவாய்' என்று நம் ஊரில் இழுப்போமே, அந்த இழுப்பை அதில் வைத்தான். எழுதியவன் கண்டது நோர்வேப் பனி. கேட்ட எங்களுக்கு நல்லூர் வீதியில் தலை நனைக்கும் பனி.

1990க்குப் பிறகு, போருக்குள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரைக் கசற் றேடியோவில் கொழுவி, நான் கையால் பெடலைச் சுற்ற அவன் பாடி இரண்டு கசற்றில் பதிந்தான். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுருதி பிசகிவிடும்.

1993இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறக் கிளாலிக் கடலேரியில் இரவு வள்ளம் ஏறியபோது ஒரு கசற்றை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுபோய்க் கொழும்பில் தபாலில் போட்டேன். மற்றதை அவன் வீட்டில் வைத்திருந்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து ஊரே எழும்பிப் போனபோது அது அங்கேயே கிடந்துவிட்டது.

நோர்வேக்குப் போனது மட்டும் தப்பியது. போன மார்கழியில் கவிஞன் அதைக் கைபேசிக்கு மாற்றி எங்கள் இருவருக்கும் அனுப்பினான். லண்டனில் விடியமுன் எழும்பிக் கேட்டேன். குரல் அப்படியே இருக்கிறது. மூன்றாவது அடியில் சுருதி ஒரு கணம் பிசகி மீள்கிறது. நான் கை மாற்றிச் சுற்றிய இடம்.