வீட்டுக் கணினிக்கு பேக்கப் டிஸ்க்: நான் வாங்கியதும் வாங்காமல் விட்டதும்

அப்பா மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். எதையும் தூக்கிப் போடமாட்டார். லயத்து வீடுகள், மரத்தடியில் கோப்பையும் கத்தியுமாக நிற்கும் பால்மரத் தொழிலாளிகள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, முனீஸ்வரர் கோயில் திருவிழா என்று அவர் சேர்த்து வைத்த படங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி வீட்டுக் கணினியில் வைத்திருக்கிறேன். அந்தத் தோட்டம் முதலில் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியது, பிறகு பாதி இடம் தாமானாகிவிட்டது (குடியிருப்புப் பகுதி), அதனால் இந்தப் படங்களை விட்டால் அங்கே இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. கூடவே தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, எல்லாருடைய பிறப்புப் பத்திரம், வீட்டு கிராண்ட் (நிலப் பட்டா), பிள்ளைகளின் கைப்பேசிப் படங்கள், வீடியோக்கள். எல்லாம் சேர்ந்து 700 ஜிபி வரும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு நாள் அதைத் திறந்தபோது வழக்கமாக நீலத்தில் இருக்கும் கட்டம் மஞ்சளாகி எச்சரிக்கை காட்டியது. C5 என்ற வரியில் எண் ஏறியிருந்தது. டிஸ்க்கில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை, திரும்பவும் முயன்று பார்க்கப் போகிறது என்று அர்த்தம். அந்த வரியும் 05 என்ற வரியும் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களின் கணக்கு) பூஜ்யமாக இருந்தால் கொஞ்சம் நிம்மதி, ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் ஓய்வு கேட்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சரி, இனித் தள்ளிப்போட முடியாது என்று பேக்கப்புக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வைக்க, டிஸ்க் தேட ஆரம்பித்தேன்.

பென் டிரைவை முதலிலேயே கழித்துவிட்டேன். 2 டிபி என்று எழுதி அடிமாட்டு விலைக்கு இணையத்தில் விற்கும் பென் டிரைவ்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் 32 ஜிபியோ 64 ஜிபியோதான். கணினியிடம் பெரிய எண்ணைச் சொல்லிவிடும், இடம் தீர்ந்தபின் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், கோப்பின் பெயர் மட்டும் தெரியும். டிவிடியும் வேண்டாம். வீட்டில் பழைய கல்யாண விசிடி ஒன்று இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து பூஞ்சை கோலம் போட்ட மாதிரி உள்ளே போயிருக்கிறது. எங்கள் ஊர் சுங்கை சிப்புட் ஈரத்துக்கு அதெல்லாம் தாங்காது.

உண்மையில் குழப்பம் எஸ்எஸ்டியா (சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிப்பது) ஹார்ட் டிஸ்க்கா என்பதில்தான். ஈப்போவில் கடையில் நின்ற பையன், "அண்ணே, இப்ப யாரு ஹார்ட் டிஸ்க் வாங்குறா, எஸ்எஸ்டி எடுங்க, கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல்கிறது, அதன்மேல் மயிரிழை உயரத்துக்கும் குறைவாக ஊசி பறக்கிறது, ஓடும்போது கைதவறி விழுந்தால் கதை முடிந்தது. ஆனால் எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகத்தான் வைத்திருக்கிறது, மின்சாரமே படாமல் அலமாரியில் கிடந்தால் அது மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கும் அளவுகோல், எழுதும் ஆயுளெல்லாம் தீர்ந்த பிறகும் மின்சாரமில்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பது. புது எஸ்எஸ்டி அதைவிட எவ்வளவோ அதிகம் தாங்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் குறையும். எங்கள் வீட்டு மாடி அறையில் மத்தியானம் 30 டிகிரி என்பது குளிர்ச்சியான நாள்.

"வருசத்துல முக்கால்வாசி நாள் அலமாரியிலதான் இருக்கும் தம்பி" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஹார்ட் டிஸ்க்கே எடுங்க. ஆனா ரெண்டு எடுங்க" என்றான். வியாபாரத்துக்குச் சொன்னானோ என்னவோ, எனக்குக் கிடைத்த நல்ல ஆலோசனை அதுதான்.

இரண்டையும் அவனிடமே வாங்கவில்லை, அதற்கு அவன் கோபித்துக்கொள்ளமாட்டான் என்று நம்புகிறேன். உலகத்தில் இப்போது ஹார்ட் டிஸ்க் தயாரிப்பது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே நிறுவனங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே சரக்கில் வந்த இரண்டு டிஸ்க்கை வாங்கி இரண்டிலும் ஒரே மாதிரி எழுதினால், அதில் ஏதாவது குறை இருந்தால் இரண்டுக்கும் அடுத்தடுத்து வர வாய்ப்பு உண்டு. அதனால் இந்த மூன்றில் இரண்டைத் தேர்ந்து, ஒன்றை ஈப்போவிலும் இன்னொன்றை வேறு கடையிலும் 2 டிபி அளவில் வாங்கினேன். எது நல்ல பிராண்ட் என்று மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ருசி இல்லை, எந்த டிஸ்க்கும் ஒரு நாள் சாகும் என்று வைத்துக்கொண்டால் மீதி முடிவுகள் தானாக வந்துவிடும். வாரண்டியும் அப்படித்தான், செத்த டிஸ்க்குக்குப் புது டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்த படங்களுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். கையடக்க டிஸ்க்குகள் சிலவற்றில் யுஎஸ்பி வாய் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், வாய் உடைந்தால் உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்ட வழியில்லை. அப்படி இருந்தால் கேபிளைப் பிடுங்காமல் பக்குவமாகக் கழற்ற வேண்டும். இன்னொன்று எஸ்எம்ஆர். இந்தச் சின்ன டிஸ்க்குகளில் பெரும்பாலும் தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி எழுதுவார்கள், இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றப் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடும். பேக்கப் எடுத்து மூடி வைப்பவருக்கு அது பெரிய குறை இல்லை.

நேஸ் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) வாங்கலாமே என்று மச்சான் சொன்னார். இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி, ஒன்று போனாலும் மற்றது ஓடும், வீட்டில் எல்லாரும் பார்க்கலாம். நல்ல சாமான்தான். ஆனால் அது எப்போதும் சுவரில் சொருகியபடியே இருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும் பாருங்கள், அடுத்த வீட்டில் டிவியும் மோடமும் ஒரே சாயங்காலத்தில் போயிருக்கின்றன. ஃபைபர் கேபிள் கண்ணாடி, அதன் வழியாக மின்னல் வராது, ஆனால் ரூட்டரின் அடாப்டர் வழியாக ஏறி லேன் கேபிளில் இறங்கும். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒரே அடியில் போகலாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தாலும் அப்படித்தான், 2017 மே மாதம் வானாகிரை வந்தபோது இணைப்பில் இருந்ததை எல்லாம் பூட்டியது. கழற்றி வைத்த டிஸ்க்கை மின்னலும் தொடாது வைரஸும் தொடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மலிவான யுஎஸ்பி டிஸ்க்குகள் எனக்கு நேஸைவிட ஒசத்தியாகத் தெரிந்தன.

கிளவுட், அதாவது இணையத்தில் சேமிப்பது? கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. காசு கட்டினாலும், நொடிக்கு 50 மெகாபிட் ஏற்றும் வேகம் முழுசாகக் கிடைத்தால்கூட 700 ஜிபி ஏற 31 மணி நேரம் ஆகும், எங்கள் வீட்டில் முழுசாகக் கிடைக்கும் நேரம் எல்லாரும் தூங்கும் நேரம்தான். அதோடு, கணினியில் ஒரு ஃபோல்டரை அழித்தால் ஒத்திசைவில் இருக்கும் கிளவுடிலும் அழியும், கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருக்கும், அப்புறம் போச்சு. பத்திரங்கள் மட்டும் சில ஜிபிதான், அதை மட்டும் ஏற்றினேன்.

புது டிஸ்க்கில் உடனே கோப்புகளைப் போடவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளை ஓடவிட்டால் டிஸ்க் முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 2 டிபிக்கு ஏறக்குறைய அரை நாள் பிடிக்கும். கெட வேண்டிய டிஸ்க், கடையில் மாற்றித் தரும் நாளுக்குள்ளேயே கெடட்டும். விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டியதும் அம்மா ஏமாந்துவிட்டோம் என்றார். ஏமாற்று இல்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு, அதாவது ஃபார்மேட்டுக்கு, என்டிஎஃப்எஸ் வைத்தேன். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் எழுதும் நடுவில் கரண்டு போனால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவேடு கிடையாது.

பிரதி எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள். அதில் பேக்கப்பைக் கணினியின் அச்சாக வைக்கும் மிரர் முறையைப் போடும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், கணினியில் தவறி அழித்தது பேக்கப்பிலும் அழிந்துவிடும். அழிப்பவற்றை வேறொரு ஃபோல்டரில் பதிப்பாக எடுத்து வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைத் தட்டிவிடுங்கள். பிரதி முடிந்ததும் டிஸ்க்கைத் தங்கையின் மடிக்கணினியில் சொருகி, 1970களின் படங்கள் இருந்த ஃபோல்டரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்தோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வர, சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போனது. அந்தப் பெயர்களையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் அடித்து அதே ஃபோல்டரில் போட்டேன். நீங்களும் பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் டிஸ்க், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. நிறம் மாறும் ரகம் வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். டப்பா அம்மா முறுக்குக்கு வைத்திருந்தது, தீபாவளி வந்தால் கேட்பார். இரண்டாவது டிஸ்க் கிள்ளானில் அக்கா வீட்டில். தீ, வெள்ளம், திருட்டு எதுவும் இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் வராது. பெருநாளுக்கு அவர் வரும்போது அதைக் கொண்டுவருவார், புதிதாகப் பிரதி எடுத்த மற்றது அவரோடு போகும், வந்ததைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்துவிட்டு அதிலும் பிரதி எடுத்துக்கொள்வேன்.

டிஸ்க்கைப் பாஸ்வர்டு போட்டுப் பூட்டுவதா என்பதில் வீட்டில் வாக்குவாதம். டிஸ்க் தொலைந்தால் அடையாள அட்டையும் கிராண்டும் யார் கையிலோ போய்விடும், பூட்டத்தான் வேண்டும் என்றேன். "நான் போன பிறகு பாஸ்வர்டு தெரியாம என் படத்தை யாரும் பார்க்க முடியாதுன்னா எதுக்குடா பேக்கப்பு" என்றார் அப்பா. அதுவும் நியாயம். கடைசியில் படங்களைத் திறந்தபடியே விட்டு, பத்திரங்களை மட்டும் வெராகிரிப்ட் என்ற மென்பொருளில் பூட்டினேன், கிளவுடுக்குப் போனதும் அந்தப் பூட்டிய கோப்புதான். பாஸ்வர்டை மறந்தால் அதை யாராலும் திறக்க முடியாது. அதனால் ஒரு தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத வேறோர் இடத்தில், அம்மாவின் நகைப்பெட்டியில் இருக்கிறது.